சோதித்துச் சொல்லவும்

ஜன்னல் சீட்டை நீங்களே வச்சிக்கிடுங்க அண்ணாச்சி, எனக்கு இது போதும். பையை மட்டும் மடியில வச்சிக்கிடுதேன், கீழ வைக்க மனசில்லை. உள்ள ஹார்ட் டிஸ்க் இருக்கு. அப்படிப் பாக்காதீங்க, வெடிக்கிற சாமான்லாம் இல்லை. செத்துப்போன சாமான்தான். செத்ததைத்தான் கோவில்பட்டி வரைக்கும் தூக்கிட்டுப் போயி, திரும்பத் தூக்கிட்டு வாரேன்.

என் பேரு ஆவுடையப்பன். திருநெல்வேலியில ஒரு கண் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரையெல்லாம் பாத்துக்கிடுதேன், பதினாலு வருசமா. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம், இன்னும் வெளிய யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட ஏன் சொல்லுதேன்னா, சாயங்காலம் எங்க டாக்டரம்மாகிட்ட இதையே சொல்லியாகணும். ஒரு தடவை வாயில வந்துட்டா அங்க திக்காம வரும்லா, அதான்.

விசயம் இதுதான். எங்க நோயாளிங்க விவரம் பூராவும் ஒரு டேட்டாபேஸ்ல இருக்கு. பேரு, ஊரு, போன் நம்பர், கண்ணுக்குள்ள எடுத்த போட்டோ, எல்லாமே. அந்த டேட்டாபேஸை எந்தக் கம்பெனியும் விக்கலை. உலகம் பூராவும் ஆளுங்க சேந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்கிடுங்கன்னு வச்சிருக்காங்க. ஓப்பன் சோர்ஸ்ம்பாங்க. வருசா வருசம் புரட்டாசி வாக்குல புது வெர்ஷன் ஒண்ணு வரும். எங்க சமூகத்துல அன்னிக்குத் திருவிழாதான். நீங்க நெனைக்கிற சமூகம் இல்லை அண்ணாச்சி, இது வேற. இந்த டேட்டாபேஸ் ஆளுங்களை அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பெங்களூர் மாநாட்டுக்கே போயிருக்கேன். டீ-சர்ட் குடுத்தாங்க, ஒரு சைஸ் பெருசு.

அந்த டேட்டாபேஸுக்குத் தெனமும் பேக்கப் எடுக்கணும். ஒரு நகல் எடுத்து வேற எடத்துல பத்திரமா வைக்கணும், மெஷின் போனாலும் விவரம் போகாம இருக்க. அதுக்குன்னு ஒரு சின்ன புரோகிராம் இருந்துச்சு, கங்காருன்னு பேரு. வயித்துப் பையில குட்டியை வச்சுக் காக்கும்லா, அதனால அந்தப் பேரு. ஒரே ஒரு ஆளு எழுதினது. சும்மா கெடைக்கும். உலகத்துல நூத்துக்கணக்கான எடத்துல அதைத்தான் ஓட்டினாங்க. எழுதினவரு பி.எல்.னு மட்டும் கையெழுத்துப் போடுவாரு. பேரு கங்காரு, கையெழுத்து பி.எல்., ஆளு ஏதோ பீட்டர் லூயிஸ், ஆஸ்திரேலியாக்காரன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பதிலெல்லாம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு வரும். அங்க அப்போ பத்து மணி இருக்கும், ஆபீஸ்ல உக்காந்து சாவகாசமா எழுதுதான்னு நெனச்சேன்.

தெனமும் காலையில நான் போனதும் கங்காரு ஒரு பச்சை டிக் காட்டும். வெற்றின்னு வரும். நான் ரிஜிஸ்தர்ல கையெழுத்துப் போடுவேன். கங்காரு வந்த நாள்ல இருந்து ஒரு நாள் கையெழுத்து விட்டதில்லை. லீவு போட்டாலும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன். எங்க வீட்ல, நீங்க என்ன அந்த மெஷினுக்குத் தாலியா கட்டிருக்கீங்கன்னு கேப்பா.

மூணு வருசத்துக்கு முன்னால கண்ணு போட்டோவையெல்லாம் டேட்டாபேஸ்ல ஏத்த ஆரம்பிச்சோம். கொஞ்ச நாள்ல பாத்தா, நாப்பது நிமிசம் ஓடுற பேக்கப் ஒம்பதே நிமிசத்துல முடியுது. சரக்கு கூடியிருக்கு, நேரம் எப்படிக் கொறையும்? எனக்கு அப்பவே உறுத்திச்சு. சும்மா இருக்கலை நான். நெட்டுல கங்காருக்குன்னு இருக்கிற பக்கத்துல போயி இங்கிலீஷ்ல முறையா ஒரு புகார் எழுதினேன். அதைக் கண்டுபிடிச்சதே நான்தான் அண்ணாச்சி, உலகத்துலயே முதல் ஆளு. அதை இன்னிக்கு யாரும் சொல்ல மாட்டேங்காங்க.

ரெண்டே நாள்ல பி.எல். பதில் போட்டாரு. நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், திருத்தம் ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன், உங்கள் அளவுக்குப் பெரிய டேட்டா என்னிடம் இல்லை, வேறொரு மெஷினில் பேக்கப்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்து, சோதித்துச் சொல்லவும். அப்படின்னு.

எனக்குப் படிச்சதும் ஒரு மாதிரி ஆயிட்டு. ஓட்டல்ல போயி உக்காந்தா, சரக்கு மாஸ்டர் வந்து கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்லுங்கன்னு கரண்டியை நம்ம கையில குடுத்தா எப்படி இருக்கும்? செஞ்சவரு நீரு, சோதிக்க வேண்டியது நீரு. அதுவும் வேற மெஷின் வேணுமாம். எங்க ஆஸ்பத்திரியில மெஷின் என்ன கொட்டியா கெடக்கு? ஒண்ணு இருந்துச்சு, ஸ்டோர் ரூம்ல. அதை எடுக்கணும்னா ஸ்டோர்ல எழுதிக் குடுக்கணும், ரெண்டு நாள் உக்காரணும். நாளைக்குப் பாப்போம்னு விட்டேன். பச்சை டிக்தான் வந்துக்கிட்டு இருக்கே.

ஆனா விசயத்தை விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. திங்கக்கிழமை தவறாம, காலையில பத்து மணிக்கு, அந்தப் பக்கத்துல போயி, "ஏதாவது முன்னேற்றம் உண்டா?"ன்னு எழுதிருவேன். எங்க சமூகத்துல அதுக்குப் பேரு பங்களிப்பு. நாலு பேரு கேட்டாத்தானே வேலை நடக்கும்? மொதல்ல நாலஞ்சு தடவை, உங்கள் சோதனைக்காகக் காத்திருக்கிறேன்னு பதில் போட்டாரு. அப்புறம் பதில் போடுறதையே விட்டுட்டாரு. ஒரு மனுசன் வாரா வாரம் மெனக்கெட்டு விசாரிக்கான், ஒரு வார்த்தை பதில் இல்லைன்னா அது மரியாதையா, நீங்களே சொல்லுங்க. நான் விடலை. நூத்தம்பது திங்கக்கிழமை இருக்கும். தீபாவளி திங்கக்கிழமையில வந்துச்சு ஒரு வருசம், எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வந்து எழுதினேன்.

இந்தப் பங்குனியில பி.எல். திடீர்னு ஒரு கடிதம் போட்டாரு, எல்லாருக்கும். பதினோரு வருடம் ஆகிவிட்டது, இனி என்னால் முடியவில்லை, கங்காருவை இதோடு நிறுத்துகிறேன், திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவே பிடிக்கவில்லை, மன்னிக்கவும்னு. பக்கத்தையும் பூட்டிட்டாரு. படிக்கலாம், ஒண்ணும் எழுத முடியாது. திங்கக்கிழமைன்னா அவரு வேலை பாக்குற எடத்துல மீட்டிங் கீட்டிங் இருக்கும்போல, பாவம்னு நெனச்சேன். ஆனா கோவந்தான் கூட வந்துச்சு. நம்பி ஓட்டுறவனை நடுரோட்டுல எறக்கி விடலாமா?

எங்க சமூகமே கலங்கிப்போச்சு. முன்னூறு பேரு நன்றி, நன்றின்னு எழுதினாங்க. அதுவரைக்கும் அந்த முன்னூறு பேரும் எங்க இருந்தாங்களோ. ரெண்டு பெரிய கம்பெனி நாங்க எடுத்து நடத்துதோம்னு வந்துச்சு, ஒரு மாசத்துல சத்தமில்லாமப் போயிட்டு. ஐரோப்பாவுல ரெண்டு பேரு ஆளுக்கொரு நகல் எடுத்துக்கிட்டு, எது அசல் கங்காருன்னு சண்டை போட்டாங்க. நானும் ஒரு கடிதம் எழுதினேன், கொஞ்சம் காட்டமா. பொறுப்பு இல்லாதவங்க பொதுக்காரியத்துல எறங்கக் கூடாதுன்னு. அதுக்கு நாலு பேரு என்னை ஏசினாங்க. ஏசட்டும்.

போன மாசம் ஒரு மழை பெஞ்சுதுல்லா, இடி விழுந்து பாளையங்கோட்டைப் பக்கம் பூரா கரண்டு போச்சே, அன்னிக்கு எங்க சர்வர் போயிட்டு. ரெண்டு டிஸ்கும் ஒண்ணாப் போச்சு. டாக்டரம்மா பதறிட்டாங்க. நான் பதறலை. பேக்கப் இருக்கு, ஒரு மணி நேரம் குடுங்கன்னு தெம்பா சொன்னேன். ஸ்டோர் ரூம் மெஷினை எறக்கி, கங்காருவைத் திருப்பி ஓட்டினேன்.

மூணு வருசத்துக்கு முந்தின விவரம் பூரா வந்துட்டு. அதுக்கப்புறம் உள்ளது ஒண்ணுகூட வரலை. முந்தின நாள் பேக்கப்பைப் போட்டேன். போன வாரத்துது, போன வருசத்துது, எல்லாம் அங்கயே வந்து நிக்குது. எல்லாத்துக்கும் பச்சை டிக் இருக்கு, என் கையெழுத்து இருக்கு. உள்ள ஆளு இல்லை.

பத்தொம்பது நாள் போராடினேன் அண்ணாச்சி. இன்னிக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிச் சமாளிச்சேன். அந்த ஐரோப்பாக்காரங்க ரெண்டு பேருக்கும் எழுதினேன், எழுதினவரைத்தான் கேக்கணும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க. பக்கம் பூட்டிக் கெடக்கு, எப்படிக் கேக்க? அப்போதான் அந்தக் கடைசிக் கடிதத்தை முழுசா படிச்சேன். முன்ன பாதிதான் படிச்சிருந்தேன், கோவத்துல. அடியில இருக்கு, கங்காருவின் முதல் வரியை எழுத இடம் தந்த கோவில்பட்டி நூலகத்துக்கு நன்றின்னு. கோவில்பட்டி. நான் மூணு தடவை படிச்சேன். ஆஸ்திரேலியாவுல ஏது கோவில்பட்டி? ஒண்ணரை மணி நேரம் பஸ்ல போனா வார ஊருல இருந்துக்கிட்டு, மூணு வருசமா ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல மாரடிச்சிருக்கோம்.

அப்புறம் கண்டுபிடிக்கிறது கஷ்டமா இல்லை. கோவில்பட்டியில ஒரு கம்ப்யூட்டர் கடையில கேட்டேன், உடனே சொல்லிட்டாரு. பூவலிங்கம் சார், பாலிடெக்னிக்ல பாடம் எடுக்காரு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீடுன்னு. பூவலிங்கம். பீட்டர் லூயிஸ் இல்லை.

இன்னிக்குக் காலையில போயி கதவைத் தட்டினேன். அவரு வீட்டம்மா தொறந்தாங்க, சங்கரவடிவுன்னு பேரு, அப்புறமாத் தெரிஞ்சுக்கிட்டேன். கங்காரு விசயமா வந்திருக்கேன்னதும் மொகம் சுருங்கிட்டு. அங்க எந்தப் பேருல எழுதுவீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம் உள்ள திரும்பி, "ஏங்க, உங்க திங்கக்கிழமை வந்திருக்கு"ன்னாங்க.

அந்த வீட்ல என்னைத் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா. நேர்ல பாக்காமலே ஒரு உறவு. எனக்கு அந்த நேரத்துலயும் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அவரு கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. ஒல்லியான ஆளு, முப்பத்தஞ்சு முப்பத்தாறு வயசு இருக்கும். நான் எவ்வளவோ பேசணும்னு போனேன். பேக்கப் இருக்கிற டிஸ்கை எடுத்து மேசையில வச்சேன். அவரு அதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "சோதிச்சுப் பாத்தீங்களா?"ன்னு கேட்டாரு. அதைத்தான் மொதல்ல கேட்டாரு அண்ணாச்சி. வாங்கன்னுகூடச் சொல்லலை.

சோதிக்கலைன்னேன்.

பிள்ளையை வீட்டம்மாகிட்டக் குடுத்துட்டு உக்காந்தாரு. ரெண்டரை மணி நேரம். பாலிடெக்னிக்குக்கு லீவு சொன்னாரு. ஒவ்வொரு பேக்கப்பாத் தொறந்து, உள்ள உள்ள போயி பாத்தாரு. நான் பக்கத்துல உக்காந்து அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், டாக்டர் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது பாப்போம்லா, அந்த மாதிரி. காப்பி வந்துச்சு, ஆறிப்போச்சு. கடைசியில கையை எடுத்துட்டாரு.

"உள்ள இல்லை அண்ணாச்சி. டேட்டா ஒரு அளவுக்கு மேல போனதும் இது எழுதவே இல்லை, டிக் மட்டும் போட்டிருக்கு. எழுதாததை நான் எங்க இருந்து எடுக்க முடியும்?"

அந்தத் திருத்தம்னு எழுதினீங்களேன்னு கேட்டேன். மூணு வருசமா அது அப்படியே இருக்காம். பெரிய டேட்டாவுல ஒருத்தராவது சோதிச்சுச் சொல்லாம வெளிய விட முடியாதாம். தப்பாப் போச்சுன்னா உலகம் பூரா பேக்கப் கெட்டுப்போகும்னு பயமாம். அவ்வளவு பெரிய டேட்டா வச்சிக்கிட்டு அவருக்குத் தெரிஞ்சு எழுதினது நான் ஒருத்தன்தானாம். "ஒரு வரி போதும். ஆச்சு, இல்லைன்னா ஆகலை. அதை எதிர்பாத்துத்தான் வாராவாரம் தொறப்பேன்"ன்னாரு. சத்தம் போடலை. போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். அவரு எம் மொகத்தைப் பாக்காமச் சொன்னாரு, எனக்கு அங்க உக்கார முடியலை.

எத்தனை பேரு விவரம்னு கேட்டாரு. நாலாயிரத்து இருநூத்தி அறுபதுன்னேன். என்ன நோயின்னாரு. இப்போ உங்களுக்கும் சொல்லணும், அதைச் சொல்லாம இதைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

எங்க ஆஸ்பத்திரி ஊரு ஊரா முகாம் போடும். பள்ளிக்கூடத்துல, சமுதாயக் கூடத்துல. அதுல கண்ணழுத்தம் உள்ளவங்களைத் தனியாப் பிரிச்சுப் பதிஞ்சுக்கிடுவோம், டாக்டருங்க கிளாக்கோமாம்பாங்க. அது ஒரு பாழாப்போன நோயி. வலிக்காது, உறுத்தாது. ஓரத்துல இருந்து இருட்டிக்கிட்டு வரும், நடுவுல மட்டும் நல்லாத் தெரியும். பேப்பர் படிப்பான், ஆளைப் பாத்துப் பேசுவான், நம்ம கண்ணு நல்லாருக்குன்னே நெனச்சிக்கிட்டு இருப்பான். நடுவும் போகும்போதுதான் தெரியும். போனது போனதுதான், எந்த டாக்டராலயும் திருப்ப முடியாது. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்து, சொட்டு மருந்து விட்டுக்கிட்டா அங்கயே நிறுத்திரலாம். அந்த ஆறு மாசத்தை ஞாபகம் வச்சுப் போன் பண்ணுறது யாரு? எங்க டேட்டாபேஸ். அதைப் பாத்துத்தான் ரெண்டு பொண்ணுங்க உக்காந்து தெனமும் போன் போடும்.

முன்ன பேப்பர் படிவம் இருந்துச்சு. மூணு வருசத்துக்கு முன்னால, பேப்பர் எதுக்கு, கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் எடைக்குப் போட்டுருவோம்னு சொன்னது நான்தான். நோயாளிகிட்டக் குடுக்கிற சீட்டுலகூட, போன் வந்தால் மட்டும் வரவும்னு அச்சடிக்கச் சொன்னேன். கூட்டம் கொறையும்லா. டாக்டரம்மாவே பாராட்டினாங்க, ஆண்டு விழாவுல சால்வை போட்டாங்க.

இதையெல்லாம் பூவலிங்கத்துகிட்டச் சொன்னேன். அப்போ போன் வரலைன்னா அவங்க என்ன நெனைப்பாங்கன்னு கேட்டாரு. நான் அதை அதுவரைக்கும் யோசிக்கவே இல்லை அண்ணாச்சி. என் டேட்டா, என் வேலை, டாக்டரம்மா என்ன சொல்லுவாங்க, இதுதான் மண்டையில ஓடிச்சு. போன் வரலைன்னா கண்ணு நல்லாருக்கு, அதான் கூப்பிடலைன்னு நெனைப்பாங்க. வேற என்ன நெனைப்பாங்க?

அவரு அழுதுட்டாரு. நெசமா. தலையைக் குனிஞ்சிக்கிட்டு, பிள்ளைங்க அழுத மாதிரி. நான் எழுதினதுதானே, டிக் போடாம இருந்திருக்கலாமே, டிக் போடாம இருந்திருக்கலாமேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வீட்டம்மா வந்து என்னை ஒரு பார்வை பாத்தாங்க. நான் என்ன செய்ய? எனக்கு அழுகை வரலை. வந்தா நல்லாருக்கும்.

அப்புறம் கண்ணைத் தொடச்சிட்டு, பூட்டின பக்கத்தைத் தொறந்தாரு. நூத்துக்கணக்கான பேரு இன்னும் இதை ஓட்டிக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்காகன்னாரு. உங்கள் பேக்கப்பை நம்பாதீர்கள், இன்றே திரும்ப ஏற்றிப் பாருங்கள், தவறு என்னுடையதுன்னு எழுதிப் போட்டாரு. எங்க ஆஸ்பத்திரி பேரு வேண்டாமேன்னு கேட்டுக்கிட்டேன். சரின்னாரு. எம் பேரும் போடலை. நான் தப்பு கண்டுபிடிச்சவன், அதையாவது போட்டிருக்கலாம். இல்லை, வேண்டாம். போடாதது நல்லதுதான்.

தெனமும் கையெழுத்துப் போட்டேன், வாராவாரம் கேட்டேன். நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லுங்க. யாராவது சொன்னாத் தேவலை. டாக்டரம்மா என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியும். வேலை போகும், போகட்டும். ஆனா வேலையை விட்டு நிறுத்தினா மட்டும் அந்தப் பட்டியல் வந்துருமா? நாலாயிரத்து இருநூத்தி அறுபது பேரை எங்க போயித் தேட? எந்தெந்த ஊருல முகாம் போட்டோம்னு இருந்ததும் அதுக்குள்ளதான். போன்ல சொன்னா, தண்டோரா போடலாமாங்காங்க எங்க ஆஸ்பத்திரி மேனேஜர். என்னன்னு போட? நல்லாக் கண்ணு தெரியுற ஆளு எவன் திரும்பிப் பாப்பான்?

கயத்தாறு வந்துட்டு. பத்து நிமிசம் நிப்பான் இங்க. எறங்கணும்னா எறங்கிட்டு வாங்க, சீட்டை நான் பாத்துக்கிடுதேன்.

அண்ணாச்சி, அந்தம்மா கேக்காங்க பாருங்க. வெள்ளரிப்பிஞ்சு. ஜன்னல்ல. அந்தப் பக்கம் இல்லை, உங்க வலது பக்கம், காதுகிட்டக் கையை நீட்டிக்கிட்டு இம்புட்டு நேரமா நிக்காங்களே.

வேண்டாம்மா, போங்க.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். தப்பா நெனைக்காதீங்க. திருநெல்வேலியில இருந்து வந்து கண் முகாம் ஏதாவது உங்க ஊருல போட்டாங்களா? போட்டாங்களா. எப்போ? அவங்க குடுத்த சீட்டுல என்ன எழுதியிருந்துச்சு?

சரி. இப்படித் திரும்பி உக்காருங்க. என் மூக்கை மட்டும் பாருங்க, கண்ணை அசைக்கக் கூடாது. பக்கவாட்டுல என் விரலைக் கொண்டு வாரேன். தெரிஞ்சதும் சொல்லணும்.

தெரியுதா?

இப்போ?

இப்போ?